சாணும் நாலு விரலும்

நாலடி பத்தரை அங்குலம் நான்.
அதை முதலிலேயே சொன்னேன்.
தவயோகன் தலையாட்டிக்கொண்டே
கொக்குவில் வளவின் முன்வரிசைக்கு நடந்தான்.

"உதைப் பாருங்கோ அக்கா, வெள்ளை.
ஒரு டொக்டற்றை மனிசி ஓடினது.
நாளைக்கு வித்தாலும் போட்ட காசு குறையாது."

வெள்ளைதான். உள்ளே
கண்ணாடியில் தொங்கும் அட்டையின் எலுமிச்சை மணம்.
ஏறி இருந்தேன்.
பிறேக் எங்கோ அராலியில் இருந்தது.
கதிரையை இழுத்தேன், இன்னும் இழுத்தேன்.
பாதம் முழுதாய்ப் பதிந்தபோது
நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில்
விரித்த கை கொள்ளவில்லை.

"குஷன் ஒண்டை முதுகுக்கு வையுங்கோ,
எல்லாப் பொம்பிளையளும் அப்பிடித்தான்."

முதுகுக்கு வைத்தால் நெஞ்சு இன்னும் கிட்டப் போகும், தம்பி.
பெரியாஸ்பத்திரி எக்ஸ்றே அறையில்
பதினேழு வருசமாய் நிற்கிறேன்.
"மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ" என்றால்
இழுக்க ஏலாமல்
என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள் உண்டு.
உடைந்த நெஞ்செலும்பு
படத்தில் ஒரு மயிர்க்கோடுதான்.
வெளிச்சத்துக்குப் பிடித்துத் தேட வேண்டும்.

பெல்ட்டைக் கொழுவினேன்.
கழுத்தில் வந்து நின்றது,
ஆட்டைக் கட்டிய கயிறு மாதிரி.
திறப்பைத் திருப்பினேன்.
எல்லா விளக்கும் எரிந்தது, ஒன்றைத் தவிர.
நெஞ்சுக்கு முன்னால் பந்தோடு இருக்கும்
அந்தச் சின்னச் சிவப்பு ஆள்
எரிந்து அணைய வேண்டியவன்.
எரியவேயில்லை.

"பல்ப் போயிருக்கும் அக்கா."

ஸ்டியரிங்கின் நடுத்தோலைத் தடவினேன்.
ஓரத்தில் பசை நகத்தில் இடறியது.
எந்த ஊரிலோ எவருடைய முகத்துக்கோ
ஒருக்கால் விரிந்துவிட்டு
மூடி ஒட்டிய வெறும் பெட்டி.

வெளியே இவர், ஆறடி,
பொனற்றில் தட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.
"வடிவாயிருக்கு. யோசிக்காதை."
"ஆர் ஓடுறது?"
"நீதான்."
"பிறகு?"

தவயோகன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு விலகினான்.
அடுத்த முனையில் எவரும் இருந்ததாய்த் தெரியவில்லை.

கடைசி வரிசையில், வேம்பின் கீழ்,
சருகு மூடிய ஒரு மெரூன் நிறம்.
இடப்பக்கக் கதவில் சுரண்டல்.
விலை கேட்டு ஒருவரும் வராததால்
டயரடியில் எறும்புப் புற்று.
கதிரையின் பக்கத்தில் ஒரு நெம்புகோல்,
அமத்த அமத்த என்னைத் தூக்கியது.
பொனற்றின் மூக்குத் தெரிந்தது,
மதிலில் ஒட்டிய மரண அறிவித்தலில்
இறந்தவரின் பெயர்கூடத் தெரிந்தது.
ஸ்டியரிங் பணிந்து கீழே வந்தது.
கையை விரித்து அளந்தேன்:
சாணும் நாலு விரலும்.
பெல்ட் காறை எலும்பில் குறுக்காகக் கிடந்தது.
சிவப்பு ஆள் எரிந்தான்,
ஆறு எண்ணுமுன் அணைந்தான்.

"உது போகாத கலர் அக்கா,
பிறகு விக்கேக்கை கஷ்டப்படுவியள்."
விற்கிற நாள்வரை
நான் இருக்க வேண்டுமே, தம்பி.

இவர் ஒருக்கால் ஓடிப் பார்த்தார்.
முழங்கால் இரண்டும் காதுக்குக் கிட்ட வந்தது.
கொண்டாவில் சந்திவரை
ஒன்றும் கதைக்கவில்லை.

போன கிழமை, இரவு வேலை முடிந்து
கரவெட்டிக்கு வரும்போது வல்லை வெளி.
உப்புக்காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது.
நடு றோட்டில் ஒரு கட்டாக்காலி,
இருட்டைவிடக் கொஞ்சம் கறுப்பு.
கால் அடிவரை போனது.
பெல்ட் இறுகிப் பிடித்தது,
எலும்பில், கழுத்தில் அல்ல.

மாடு என்னைப் பார்த்தது.
அசைபோட்டது.
அவசரமில்லாமல் தோணா வரைக்கும்
வாலை ஆட்டிக்கொண்டு போனது.

பெல்ட் பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
நோவு. கோடு இல்லை.
பிறகுதான் கவனித்தேன்,
பின்கண்ணாடியில் காரின் கூரை மட்டும் தெரிந்தது.
காலையில் இவர் ஓடியிருக்கிறார்.
திருப்பி வைத்துக்கொண்டு
கியரைப் போட்டேன்.